பிடிக்கிற கைக்கு ஒரு மாற்று

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நடக்கிறார், பேசுகிறார், வலது கை மட்டும் இன்னும் வசப்படவில்லை. போன வாரம் நாங்கள் இல்லாதபோது சமைக்கப் போய் வெந்நீர்ப் பாத்திரம் சரிந்துவிட்டது. நல்லவேளை, காலில் தெறித்ததோடு போயிற்று. "இனிமேல் அடுப்படிப் பக்கமே போகாதம்மா" என்று சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாங்கள் செய்தது தப்பா?

பதில்: நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது, சகோதரி. ஆனால் பாத்திரம் சரிந்ததற்குத் தண்டனை அம்மாவுக்கு விழுந்துவிட்டது.

நாளைக்குச் சமைக்கும்போது உங்கள் கைகளையே கவனியுங்கள். ஒன்று பிடித்துக்கொண்டே இருக்கும். மற்றதுதான் நறுக்கும், சீவும், கிண்டும். அம்மாவின் இடது கை, செய்கிற வேலையைப் பழகிக்கொள்ளும். பிடிக்கிற வேலைக்குத்தான் ஆள் வேண்டும். அதற்கு நீங்கள் கூடவே நிற்க வேண்டாம், இரண்டு ஆணி போதும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை, முனை மேலே துருத்தி நிற்கும்படி அடியிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினால் அசையாது. ஒரே கையால் உரிக்கலாம், நறுக்கலாம். பலகையின் ஒரு மூலையில் இரு பக்கமும் சின்ன விளிம்பு வைத்துவிட்டால், ரொட்டித் துண்டை அதில் முட்டுக்கொடுத்து வெண்ணெய் தடவலாம். இப்படிப்பட்ட பலகைகள் விற்பனைக்கே வருகின்றன. தச்சரும் செய்து தந்துவிடுவார். வேலை முடிந்ததும் முனைகளில் தக்கையைச் செருகி வையுங்கள். பலகைக்கு அடியில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்தால் நழுவாது. கத்தியையும் மாற்றுங்கள். சாதாரணக் கத்தியை இழுத்து அறுக்கும்போது காயும் கூடவே வரும். பிறை வடிவ அலகுக்கு மேலே கைப்பிடி வைத்த கத்தி இருக்கிறது. தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினாலே வெட்டிவிடும்.

திருகுமூடி ஜாடியா? இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையை இடுப்பால் அழுத்திக்கொண்டு திருகலாம்.

கைப்பிடிகள் தடித்திருக்கட்டும். பழகாத கைக்கு மெல்லிய பிடி சீக்கிரம் வலிக்கும். மூட்டுவாதம் இருந்த மனைவி தோல்சீவியோடு படும் பாட்டைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர் 1990இல் ஆக்ஸோ நிறுவனத்தின் தடித்த ரப்பர் பிடிகளைக் கொண்டுவந்தார். கை நன்றாக இருக்கிறவர்களும் அதையே தேடி வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

இனி அந்த வெந்நீருக்கு வருவோம். தூக்குகிற வேலையையே ஒழித்துவிடுங்கள். காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் குவளையால் தண்ணீர் ஊற்றட்டும். வேக வேண்டியதைக் கம்பிக்கூடையில் போட்டு உள்ளே இறக்கினால், வெந்த பிறகு கூடையை மட்டும் எடுத்தால் போதும். தண்ணீர் ஆறும்வரை அடுப்பிலேயே கிடக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பு இன்னும் வசதி. தீ கிடையாது, பாத்திரத்தை எடுத்துவிட்டால் சூடாக்குவதை நிறுத்திவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: வலது கையில் உணர்ச்சி இருக்கிறதா? பக்கவாதத்தில் சிலருக்கு அதுவும் மங்கிவிடும், சுட்டாலும் தெரியாது. அப்படியென்றால் அந்தக் கை அடுப்புக்கு எட்டாமல் மடியில் இருக்கட்டும், சூட்டை இடது கையால் மட்டுமே பார்க்கட்டும். வலப்பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்திருந்தால் வலப்பக்கத்து அடுப்பு வேண்டாம். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை அழைத்து, அம்மா உங்கள் அடுப்படியிலேயே வேலை செய்வதைப் பார்க்கச் சொன்னால் இதெல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும்.

கால் தரையில் பதிகிற உயரத்தில், சாய்மானத்தோடு ஒரு நாற்காலி போடுங்கள். முதல் வாரம் அடுப்பு வேண்டாம், நறுக்குவது மட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், கூப்பிட்டால் போங்கள். காய் கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள்.