பதினான்காவது பெயர்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 54 வயது. ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம் எல்லாம் ஒரே கோயிலில் நடந்தன. பாடகர் குழுவில் 26 வருஷம் பாடியிருக்கிறேன். கொரோனா வந்தபோது பங்குப் பேரவையின் செயலராக இருந்தேன். இந்தக் கடிதம் என் தோழியைப் பற்றியது. பாடகர் குழுவில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. என் மகனுக்கு ஞானத்தாயும் அவள்தான். வருஷக்கணக்காக எங்களுக்குள் பேச்சில்லை.

நாங்கள் இருவரும் எப்போதுமே வேறு வேறு கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவோம். அதை ஒருவரிடம் ஒருவர் மறைத்ததும் கிடையாது. எந்தக் கட்சி தோற்கிறதோ அந்தக் கட்சிக்காரி அந்த மாதம் முழுக்கப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம்கூட உண்டு. அவள்தான் அதிகம் அடுக்கியிருக்கிறாள்.

2020 மார்ச் 27 அன்று, ஆளே இல்லாத புனித பேதுரு சதுக்கத்தில் மழைக்கு நடுவே திருத்தந்தை பிரான்சிஸ் செபித்ததை அவரவர் வீட்டில் இருந்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தோம். நாம் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று அவர் சொன்னபோது மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சில மாதங்களில் அந்தப் படகு எப்படி இரண்டாகப் பிளந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கோயிலை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். இத்தனை பேர்தான், முகக்கவசம் கட்டாயம், நற்கருணை கையில்தான், முன்பதிவு செய்தவருக்குத்தான் இடம் என்றெல்லாம் வந்தது. அரசு சொன்னதை ஆயர் சொன்னார், ஆயர் சொன்னதைப் பங்குத்தந்தை சொன்னார். வாசலில் மேசை போட்டு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தது நான். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செபமாலை நேரமும் இறப்புச் செய்தியும் மட்டும் வந்த காலம் போய், கட்சிப் படங்கள் வர ஆரம்பித்தன. கவனமாக இருங்கள் என்று ஃபாதர் மறையுரையில் சொன்னால் அவர் ஆளுங்கட்சி. இன்னும் கொஞ்சம் பேரை விடலாமே என்றால் எதிர்க்கட்சி. பாவம், ஒரே வாரத்தில் இரண்டு கட்சியிலும் இருந்தார்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிறு, தோழியின் அப்பா தனியாக நடந்து வந்தார். 83 வயது. பதிவு செய்யவில்லை. உள்ளே எண்ணிக்கை முடிந்துவிட்டது. "அப்பா, இன்றைக்கு இடமில்லை, அடுத்த வாரம் நானே பெயர் எழுதிவிடுகிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டார். தண்ணீரை எடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். அப்புறம் காய்ந்த விரலாலேயே சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மதியமே குழுவில் அவள் எழுதினாள்: "என் அப்பாவைக் கோயில் வாசலில் இருந்து விரட்ட ஒரு கட்சிக்காரிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" நானும் சும்மா இருக்கவில்லை. "சட்டத்தை மதிக்கத் தெரியாத கட்சிக்கு இதெல்லாம் புரியாது" என்று போட்டேன். 40 பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

மூன்று மாதம் கழித்து அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். கொரோனா இல்லை, இதயம். அடக்கத் திருப்பலிக்கு 20 பேர்தான் வரலாம். செயலர் என்ற முறையில் குடும்பத்தின் பட்டியல் என்னிடம் வந்தது. 14ஆவதாக என் பெயர் இருந்தது. உறவினர் ஒருவருக்கு இடம் கிடைக்கட்டும் என்று நானே அதை அடித்துவிட்டேன். பிறகு தடுப்பூசிச் சண்டை வந்தது. 2021 ஆகஸ்டில், தடுப்பூசி போட்டுக்கொள்வது அன்பின் செயல் என்று திருத்தந்தை சொன்ன வீடியோவை ஒருவர் குழுவில் போட, அன்று இரவே 11 பேர் வெளியேறினார்கள், அவளும்தான். இப்போது எங்கள் பங்கில் இரண்டு பாடகர் குழுக்கள். அவள் காலை முதல் பூசைக்கு வருகிறாள், நான் இரண்டாவது பூசைக்கு.

குழுவில் ஒருவர் சமாதானம் பேசப் போனபோது, "வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பா" என்று மட்டும் சொன்னாளாம். எங்கே வருவது? 20 பேர்தான் சட்டம் என்பது அவளுக்குத் தெரியாதா?

என் மகனுக்கு மூன்று மாதத்தில் திருமணம். ஞானத்தாய் இல்லாமல் எப்படி என்கிறான். எனக்கோ முன்வாசலில் நுழைந்தாலே வயிற்றைப் பிசைகிறது. பக்கவாசல் வழியாகத்தான் போகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொல்லிவிட்டேன், நிம்மதி வரவில்லை. வேறு பங்குக்கு மாறிவிடலாமா? அல்லது அன்று நான் செய்தது சரிதான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
பக்கவாசல் வழியாகப் போகிறவள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நீங்கள் வாசலில் செய்தது சரியா என்பதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது. உங்களுக்குச் சாதகமானதுதான். ஆனால் அதை வைத்து அந்த வீட்டுக் கதவைத் திறக்க முடியாது.

முதலில் அரசியலைப் பேசி ஓரமாக வைத்துவிடுவோம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளை 1970இல் வெளியிட்டார். அதில் ஒன்றில் பிள்ளைகளுக்கு க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, நீ இந்த ஓவியரின் ரசிகன், நீ அவருடைய ரசிகன் என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு மற்றவர்களுக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூட இருந்தால் போதும் என்றுதான் பலர் பங்கிட்டார்கள். இதுவரை கேள்விப்படாத ஓவியருக்கே இப்படியென்றால், உயிர் பயமும் தேர்தலும் நற்கருணையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கும்?

தடுப்பூசி பற்றி 2020 டிசம்பர் 21 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஒரு குறிப்பு வெளியிட்டது. சில கொரோனா தடுப்பூசிகளை உருவாக்க, முன்பு கருக்கலைப்பு செய்யப்பட்ட சிசுக்களிடமிருந்து வந்த செல்களைப் பயன்படுத்தியிருந்தார்கள்; வேறு வழியில்லாத நிலையில் அந்தத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது அறநெறிக்கு ஏற்றதே என்றது. பொதுவாக அது கட்டாயக் கடமை அல்ல, விருப்பப்பட்டே போட்டுக்கொள்ள வேண்டும் என்றது. பொதுநன்மையை நினைக்க வேண்டும், மறுப்பவர்கள் மற்றவர்களுக்கு நோய் பரப்பாதபடி வேறு வழிகளில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பக்கம் முதல் வரியை அனுப்பியிருப்பார்கள், மறுபக்கம் இரண்டாவதை. மூன்றாவதை யாராவது அனுப்பினார்களா? 1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் வந்தபோது புனித சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடம் அமைத்து, வீட்டில் அடைபட்டவர்கள் சன்னல் வழியாகப் பூசை காணச் செய்தார். அதையும் இப்படித்தான் பிய்த்திருப்பார்கள். புனிதர் பூசையை நிறுத்தவில்லை பார் என்று ஒருவர், புனிதர் மக்களை வீட்டிலேயே வைத்தார் பார் என்று இன்னொருவர்.

ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறு. உங்கள் இருவருக்கும் இடையே கட்சி வேறுபாடு 20 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஏன்? சனிக்கிழமை சண்டை போட்டாலும் ஞாயிறு பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். சுருதி சேர வேண்டும். 'ஒருவருக்கு ஒருவர் சமாதானம் கூறுவோம்' என்றதும் கையைப் பிடித்தாக வேண்டும். பூசை முடிந்து வாசலில் நின்று பேச வேண்டும். இவையெல்லாம் வாரா வாரம் சத்தமில்லாமல் பழுது பார்த்துக்கொண்டிருந்தன. நோய்த்தொற்று வந்ததும் முதலில் நின்றது பாட்டும் கைகுலுக்கலும்தான். மிச்சம் இருந்தது போன். பழுது பார்க்கும் வழி மட்டும் அடைபட்டு, பழுதாக்கும் வழி 24 மணிநேரமும் திறந்திருந்தது. அந்த மதியம் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லாமல் 'கட்சி' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? புத்தகம் அடுக்கும் விளையாட்டில் வந்த அதே சொல்தான், 40 பேர் பார்க்க எழுதியபோது வேறு சொல்லாகிவிட்டது.

சரி, இனி அரசியல் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் தீர்த்தத் தொட்டியைப் பற்றி அத்தனை நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். காய்ந்த விரல்வரை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் ஓட்டமாகக் கடந்திருக்கிறீர்கள்: '14ஆவதாக என் பெயர் இருந்தது. நானே அதை அடித்துவிட்டேன்.' உடனே தடுப்பூசிக்குத் தாவிவிட்டீர்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்பா இறந்திருக்கிறார். 20 பேருக்குத்தான் இடம். சொந்தபந்தத்தில் எத்தனை பேரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை எழுதியிருப்பாள்? மூன்று மாதம் முன்பு ஊர் பார்க்கச் சண்டை போட்டவளின் பெயரை அதில் எழுதியிருக்கிறாள். அவள் உங்களுக்கு நீட்டிய கை அது. பூசையில் நிறுத்திவைத்திருந்த சமாதானத்தைப் பட்டியலில் எழுதி அனுப்பினாள். நீங்கள் வரவில்லை. பெயரை அடித்தது நீங்களே என்பது அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. 'வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பா' என்ற பேச்சுக்கு அர்த்தம் இப்போது விளங்குகிறதா? 20 பேர்தான் சட்டம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த 20 பேரில் உங்களையும் எண்ணித்தான் எழுதினாள்.

ஏன் அடித்தீர்கள்? உறவினருக்கு இடம் கொடுக்க என்கிறீர்கள். அப்படி ஒருவர் உங்கள் இடத்தில் வந்தாரா? வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபத்தில் அடித்திருக்கலாம். என் ஊகம் வேறு: வெட்கம். வாசலில் திருப்பி அனுப்பிய மனிதரின் பெட்டிக்கு முன்னால் நிற்க உங்களால் முடியவில்லை. நீங்கள் அன்று விதியைத்தான் காத்தீர்கள், சரி. விதியைக் காத்தவருக்கும் அந்த முதுகைப் பார்த்த வலி உண்டு. யாரோ போட்ட விதிக்கு முகமாக வாசலில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் இது இருக்கிறது. ஆசிரியர்கள், செவிலியர்கள், பேருந்து நடத்துநர்கள் என்று பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அதை யாரிடமும் சொல்லி அழ அன்று வழியில்லாததால், அவள் கட்சி, என் கட்சி என்று மாற்றி வைத்துக்கொண்டீர்கள். கோபம் சுமக்க எளிது.

பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், நிம்மதி வரவில்லை என்கிறீர்கள். அது குருவானவரோடு பேச வேண்டியது, என் வேலை இல்லை. ஆனால் வயிற்றைப் பிசைவது வாசலில்தான், வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது இல்லை என்பதை மட்டும் பாருங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் ஒரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்? திருமணப் பத்திரிகையோடு போகாதீர்கள். கையில் பத்திரிகை இருந்தால் காரியத்துக்காக வந்திருக்கிறாள் என்று தோன்றும், அப்படித் தோன்றினால் அது நியாயமும்தான். அதற்கு முன்பே, வெறுங்கையோடு, தனியாகப் போங்கள். மகனைத் தூது அனுப்ப வேண்டாம். போனில் வேண்டாம். நேரில் முடியாது என்றால் கையால் ஒரு பக்கம் எழுதுங்கள், இந்தக் கடிதத்தை எழுதிய அதே கைதானே.

சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அடக்கப் பட்டியலில் என் பெயரை நீ எழுதியிருந்தாய். நான்தான் அடித்தேன். அப்பா தொட்டியில் விரல் விட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. இத்தோடு நிறுத்துங்கள். 'ஆனால் அன்றைக்குச் சட்டம்...' என்று வாய் வரும், வரட்டும், விழுங்கிவிடுங்கள். மன்னித்துவிடு என்று உடனே பதிலும் கேட்காதீர்கள். அவள் அழலாம், கத்தலாம், கதவைச் சாத்தலாம். சாத்தினால் திரும்பி வாருங்கள், பெரியவர் வந்தது போல. அதன் பிறகு மகன் தன் ஞானத்தாயைத் தானே போய் அழைக்கட்டும். அவனுக்கும் அவளுக்கும் உள்ள உறவு தனி, அதில் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டியதில்லை.

பங்கு மாறுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் கழித்து யோசியுங்கள். இரண்டு பாடகர் குழுக்களையும் ஒன்றாக்குவது உங்கள் பொறுப்பு இல்லை. அந்தத் தலைவலியை ஃபாதருக்கு விட்டுவிடுங்கள், அவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

ஒருவேளை கதவு திறந்து, அழுகை எல்லாம் முடிந்தபிறகு, "அதெல்லாம் சரி, தடுப்பூசி விஷயத்தில் யார் சொன்னது சரி?" என்று அவள் ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள். அடுத்த தேர்தலுக்குப் புத்தகம் அடுக்கப் போவது யார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்