சிறைக்குப் போய் வந்த ஒருவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வேன், சேர்த்தும் இருக்கிறேன். திருகோணமலையில் பைபர் படகு திருத்தும் சின்ன வேலைத்தலம் ஒன்று வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்தவர்களில் கணிசமானவர்கள் உள்ளே போய் வந்தவர்கள்தான். தேடிப் போய்ப் பிடித்ததில்லை. ரெசின் வாசத்தையும் பைபர் தூசி உடம்பில் பட்டால் வரும் அரிப்பையும் தாங்கிக்கொண்டு வேலை செய்ய இந்த ஊரில் எல்லோரும் வர மாட்டார்கள். வேறு இடத்தில் வேலை கிடைக்காதவர்கள் வந்தார்கள்.

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டில் கடை வைத்திருக்கிறார். திருடிவிட்டால் என்ன செய்வது, மற்ற வேலையாட்களிடம் சொல்ல வேண்டுமா, இப்படிப்பட்டவர்களை நன்னடத்தை அலுவலர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது இலங்கை நடைமுறை மட்டுமே. சட்டம் உங்கள் பக்கம் வேறாக இருக்கும், மனிதர்கள் அவ்வளவு வேறாக இருக்க மாட்டார்கள்.

முதலில் திருட்டு. என் வேலைத்தலத்தில் ஒரு கிரைண்டர் காணாமற் போனது. எடுத்தவன் சிறை வாசலைக்கூடப் பார்க்காத என் சொந்தக்காரப் பெடியன். இதை வைத்து உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எனக்குத் தலையிடி கொடுத்தது திருட்டு இல்லை, தவணை. நீங்கள் வாய்தா என்பீர்கள். நாளைக்கு ஒருவர் படகைக் கடலில் இறக்க வேண்டும், அடியில் ஒரு மடிப்பு பைபர் மேட் போட்டு முடிக்க வேண்டும், ஆள் காலையில் நீதிமன்றத்தில் நிற்கிறான். மத்தியானம் திரும்பி வந்து, "அண்ணை, அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்க" என்கிறான். இது வருடக்கணக்கில் நடக்கும். முதலாளி பொறுமை இழப்பதும், இவன் தவணைக்குப் போகாமல் விட்டு பிடியாணை வாங்குவதும் இங்கேதான்.

இதை விளங்கிக்கொள்ள, எங்கள் பக்கம் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொலை, கொள்ளை என்று போகிறவர்கள் கொஞ்சம்தான். மூதூர், கிண்ணியாப் பக்கம் அனுமதி இல்லாமல் ஆற்று மணல் ஏற்றினவர்கள், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சினவர்கள், தடைசெய்த வலையோடும் டைனமைட்டோடும் கடலில் பிடிபட்டவர்கள், காட்டில் மரம் வெட்டினவர்கள். இப்போது எல்லாவற்றையும் மிஞ்சியது தூள் என்கிற ஹெரோயினும் ஐஸ் என்கிற போதைப்பொருளும். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸாரின் யுக்திய நடவடிக்கை தொடங்கிய பிறகு எங்கள் ஒழுங்கைகளில் இருந்தும் பெடியன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நாடு முழுக்கச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் விளக்கமறியல் கைதிகள், அதாவது தீர்ப்பே வராதவர்கள். சிறைகளுக்கு உரிய கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதலான ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள்.

ஒருவன் சின்ன அளவு ஹெரோயினோடு பிடிபட்டால் கதை இப்படித்தான் போகும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துவார்கள். 14 நாள் மறியல். பிறகு இன்னொரு 14 நாள். பிடிபட்டது உண்மையில் என்ன, எத்தனை மில்லிகிராம் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை கொழும்பிலிருந்து வர வேண்டும். அது வரும்போது வரும். அளவு கூடினால் நீதவானே பிணை கொடுக்க முடியாது, அதற்கு மேலே உள்ள நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும், அதற்குச் சட்டத்தரணிக்குக் காசு. பிணை கிடைத்தாலும் இரண்டு சரீரப் பிணையாளர் வேண்டும், அவர்களுக்குக் கிராம சேவையாளரின் வதிவிடச் சான்று வேண்டும். சொந்த ஊர் என்றால் யாராவது ஒரு மாமா முன்வருவார். சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து பருவத்துக்கு வந்து, வாடி என்ற தற்காலிகக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்கிறவன் என்றால், பிணை கிடைத்த பிறகும் கையெழுத்து வைக்க ஆள் இல்லாமல் உள்ளேயே கிடப்பான். இதற்கிடையில் படகு முதலாளி வேறு ஆளைப் போட்டிருப்பார். குற்றவாளியா இல்லையா என்று யாரும் சொல்ல முன்பே தொழில் போய்விட்டது. என்னைக் கேட்டால் தண்டனை முடிந்துவிட்டது, வழக்குத்தான் இன்னும் தொடங்கவில்லை.

உள்ளே எப்படி என்பது நான் பார்க்கப் போன பக்கத்திலிருந்தும் பெடியன்கள் சொல்லக் கேட்டும் தெரிந்ததுதான். விளக்கமறியலில் சொந்த உடுப்பு போடலாம், வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம். தண்டனை வந்தால் வெள்ளை ஜம்பர் என்ற சிறை உடுப்பு. ஒருவன் திரும்பிப் படுத்தால் பக்கத்தில் உள்ளவனும் திரும்ப வேண்டும் என்பார்கள், அப்படி நெருக்கம். அதைவிட மோசம், செய்ய ஒன்றுமே இல்லாதது. தச்சு வேலை, பேக்கரி, தையல் எல்லாம் தண்டனை பெற்றவர்களுக்குத்தான், அதுவும் பெரிய சிறைகளில். விளக்கமறியல் கைதியை வேலை செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்ற விதி நல்ல நோக்கத்தில் வந்ததுதான். நடைமுறையில் காலையிலிருந்து இரவு வரை கதை, கதை, கதை. தூள் பாவித்தவனாகப் போனவன், விற்கிறவனின் நம்பரோடு வெளியே வருகிறான். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு வருகிறவனை வேலைக்குப் பழக்குவது, ஏழெட்டு வருடம் தண்டனை முடித்து வருகிறவனைப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தச்சுப் பகுதியில் இருந்துவிட்டு வந்த ஓர் ஐயா. என்னைவிட வயது கூட, ஆனாலும் என்னை "முதலாளி" என்றே கூப்பிடுவார், எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை. படகின் உள்பலகைக்கு அளவு எடுத்தால் இரண்டாம் தரம் பார்க்கத் தேவையில்லை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். அவருக்கு இருந்த சிக்கல் வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னே உள்ளே போனவர், அதற்குப் பின்னே வெளியே வந்தார். ஒரு றாத்தல் பாணின், நீங்கள் சொல்லும் பிரெட்டின், விலையைக் கேட்டு, கடைக்காரன் தன்னை ஏமாற்றுகிறான் என்று சந்தியில் பெரிய சண்டை. பக்கத்தில் நின்றவர்கள் விலக்குப் பிடித்து, உண்மையான விலையே அதுதான் என்று நம்ப வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சம்பளம் பேசும்போதும் மிகக் குறைவாகவே கேட்டார். அவர் கேட்டதைக் கொடுத்திருந்தால் எனக்கு நல்ல லாபம். பழைய விலையில் கணக்குப் போட்டிருக்கிறார் என்று சொல்லி, மற்றவர்களுக்கு என்னவோ அதையே கொடுத்தேன். "உனக்கு வேறு யார் வேலை கொடுப்பான்" என்று பாதிச் சம்பளத்துக்கு ஆள் பிடிக்கிற முதலாளிகள் இங்கே உண்டு. அதைப் புண்ணியம் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

இனி தண்டப்பணம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பெரும் பங்கு, தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். நீதவான் சிறைத்தண்டனை கொடுக்கவில்லை, தண்டம்தான் போட்டார். கையில் காசு இல்லை, அதனால் அதற்குப் பதிலாகச் சிறை. மாரி காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாத நேரம் இது கூடும். எனக்கோ அப்போதுதான் வேலை குவியும், எல்லாப் படகும் கரையில். அதனால் நான் கணக்குப் பார்த்துச் செய்கிற காரியம் ஒன்று உண்டு: நல்ல வேலைக்காரன் என்றால் தண்டப்பணத்தைச் சம்பள முற்பணமாகக் கொடுத்துவிடுவேன், கிழமைக் கிழமை கழிப்பேன். பகுதி பகுதியாகக் கட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உள்ளே போன பிறகும் மீதியைக் கட்டினால், இருந்த நாட்களுக்கு ஏற்பக் கழித்து வெளியே எடுக்கலாம். தாய்மார் வட்டிக்குக் காசு வாங்கி ஓடுவதற்கு முன் இதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டாலே போதும்.

பிணைக்கு மட்டும் நான் நிற்பதில்லை. முதலாளியே பிணையாளி என்றால், அவன் வேலையை விட்டுப் போக நினைத்தாலும் போக முடியாது, நான் அவனைத் திட்ட நினைத்தாலும் யோசிக்க வேண்டும். அது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

சரி, நன்னடத்தை. இலங்கையில் குற்றவாளிகளை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடும் கட்டளைச் சட்டம் 1944 இலேயே வந்துவிட்டது. புத்தகத்தில் வளர்ந்தவர்களுக்கும் பொருந்தும். ஆனால் இன்று நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் சிறுவர் விவகாரம்தான். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அந்தச் சேவை மாகாண சபைகளுக்கு வந்தது, திணைக்களத்தின் பெயரிலேயே சிறுவர் பராமரிப்பு சேர்ந்திருக்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, துன்புறுத்தப்பட்ட பிள்ளை என்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. முப்பது வயது மீனவனை யார் பார்ப்பது?

அதற்குத்தான் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயம்சார் சீர்திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. சின்னக் குற்றத்துக்கு நீதவான் சிறைக்கு அனுப்பாமல், சம்பளம் இல்லாத பொதுவேலை, உளவளத்துணை, போதையை விடச் சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று கட்டளையிடலாம். அதற்கு முன் அந்தத் திணைக்களத்தின் அலுவலர் ஆளின் வீடு, தொழில் எல்லாம் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். அப்படித்தான் ஓர் அலுவலர் என் வேலைத்தலத்துக்கு வந்தார். இவன் ஒழுங்காக வருகிறானா, பொதுவேலை நாளில் விடுவீர்களா என்று கேட்டார். விடுவேன் என்றேன். முதலில் போட்ட இடம் ஒரு பள்ளிக்கூட வளவு. அங்கேதான் அவனுடைய அக்காவின் பிள்ளை படிக்கிறது. தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக் கூட்டினான், அடுத்த முறை போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். போகாவிட்டால் கட்டளையை மீறியதாகி, பழையபடி சிறைதான். நான் அலுவலரிடம் கதைத்தேன், அவர் இடத்தை மாற்றிக் கொடுத்தார். அவன் முடித்துவிட்டான். இந்த முறை எங்கள் ஊரில் வேலை செய்கிறது என்றால் சட்டத்தைவிட அப்படிப்பட்ட ஓரிரு அலுவலர்களால்தான். ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார் என்பதுதான் கவலை.

போதையை விட வைக்கும் புனர்வாழ்வுக்காகக் கந்தக்காட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களும் வந்திருக்கிறார்கள். அந்த இடம் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானவர்கள் வேலி தாண்டி ஓடியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. போய் வருகிறவர்கள் உடம்பு தேறித்தான் வருகிறார்கள். ஆபத்து முதல் சம்பளத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் கையில் காசு, பழைய கூட்டாளிகள், ஞாயிறு விடுமுறை. அதனால் அப்படி வருகிறவர்களுக்கு நான் திங்கட்கிழமை காலையில்தான் சம்பளம் கொடுப்பேன். சிலர் தாங்களாகவே, பாதியை அம்மாவிடம் கொடுங்கள் அண்ணை என்பார்கள். கேட்டால் மட்டும் செய்வேன்.

எங்கள் ஊரில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போனவர்கள், போர் முடிந்த 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாம்களில் இருந்துவிட்டு வந்தவர்கள். 1983 ஜூலையில் வெலிக்கடைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தத் தலைமுறைத் தாய் சிறைக்குப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்று தூளில் பிடிபட்டவனின் தாய், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். முன்னாள் போராளி ஒருவர் என்னிடம் இருந்தபோது சிவில் உடையில் பாதுகாப்புத் தரப்பு ஆட்கள் வந்து விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். வேலையில் குறையே இல்லை. அந்த விசாரிப்பு மற்றவர்களுக்கும் பயத்தைக் கொடுக்கிறது என்று அவராகவே நின்றுவிட்டார்.

யாரை எடுக்க மாட்டேன்? இன்னும் விற்கிறான் என்று தெரிந்தால் எடுக்க மாட்டேன். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றாலும் மாட்டேன், பக்கத்து வளவில் ரியூஷன் நடக்கிறது. மற்றபடி வழக்கைப் பற்றித் தோண்டுவதில்லை. அடுத்த தவணை எப்போது, பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து எந்த நாள், ஒத்திவைத்த சிறைத்தண்டனை ஏதும் இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்பேன். கடைசிக் கேள்வி முக்கியம். ஐந்து வருடம், பத்து வருடம் என்று ஒத்திவைத்ததை, வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காலத்துக்குள் குடித்துவிட்டு ஒரு சின்ன அடிதடியில் மாட்டினாலும் பழைய தண்டனையும் சேர்ந்து வரலாம்.

மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். இங்கே சொல்லத் தேவையே வருவதில்லை, அவன் வந்து சேர்வதற்கு முன்பே கதை வந்துவிடும். உங்கள் ஊர் பெரிது. அவரிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். வாடிக்கையாளர் நேரே கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. "ஓம், போய் வந்தவர்தான், வேலை தெரிந்தவர்" என்பேன். "அவன் என் படகில் கை வைக்கக் கூடாது" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் படகை வேறு இடத்துக்கு எடுத்துப் போனார்கள். மாரி காலம், கரையில் இன்னும் எத்தனையோ படகு நின்றது, எனக்கு அது ஒரு நட்டமாகத் தெரியவில்லை.