வெளியிடங்களில் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொள்வது எப்படி? கோர்ஸ் சேரத்தான் வேண்டுமா?

கையில் கேமரா வந்து சில மாதங்கள் ஆகியிருக்கும், போன இடமெல்லாம் ஒவ்வொரு மாதிரி படம் வருகிறது என்றுதான் கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். கோர்ஸ் பிறகு பார்க்கலாம். இப்போதைக்குப் பத்து ஊருக்கு அலையாமல் ஒரே ஊருக்குப் பல நேரங்களில் போங்கள். சென்னைப் பக்கம் என்றால் மாமல்லபுரமே போதும். திறந்த வெயில், நிழல், குடைவரை இருட்டு, கடல் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும்.

அங்கே பாறைமுகத்தில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிய அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. விடிந்த புதிதில் வெயில் நேராக முகத்தில் அடிப்பதால் நிறம் அழகாக இருக்கும், ஆனால் சிற்பம் தட்டையாகத் தெரியும். முற்பகல் 10, 11 மணிக்கு வெயில் மேலிருந்து பாறையை உரசி இறங்கும்போதுதான் யானையின் காதுமடிப்பு கூடப் புடைத்து நிற்கும். பிற்பகலில் மொத்தப் பாறையும் நிழலுக்குள் போய் நீலம் பூசியது போல் வரும். அப்போது ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை, 7000 கெல்வின் பக்கம் ஏற்றுங்கள். காலையில் அதை 5500-இல் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறத்தைத் 'திருத்தி' வெளுக்க வைத்துவிடும்.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்சுவரில் பால் கறக்கும் காட்சி, கன்றை நக்கும் பசு. இங்குதான் பலரும் தோற்கிறார்கள். காலை வெயில் படும் முன்தூணுக்கு எஃப் 8 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கான உணர்திறன்), 1/400 நொடி ஷட்டர் சரியென்றால், உள்ளே எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 1/60 வரை கேட்கலாம். ஏறக்குறைய ஏழு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு)! பசுவுக்கு வைத்தால் தூண் வெள்ளையாக வெந்துவிடும், தூணுக்கு வைத்தால் பசு காணாமல் போகும். தூணை ஃப்ரேமிலிருந்து விலக்குங்கள், இல்லையென்றால் பிற்பகலில் வாருங்கள். முகப்பே நிழலுக்குள் போனபின் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். கேமரா சுருக்காமல் சேமிக்கும் RAW ஃபைலாக எடுங்கள், வெந்துபோன இடத்தைத் திரையில் மின்னிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை எரியவிடுங்கள். வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. இருட்டை ஓரளவு தூக்கலாம்.

எல்லா அளவையும் நாமே கையால் வைக்கும் மேனுவல் பற்றி, 'மேனுவலில் எடுப்பவன்தான் போட்டோகிராபர்' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மண்டபத்துக்குள் வெளிச்சம் அசையாது, அங்கே மேனுவல் சரி. மேகம் ஓடும் கடற்கரையில் ஒரு மேகம் மறைத்தாலே இரண்டு மூன்று ஸ்டாப் விழும். அங்கே அப்பர்ச்சர், ஷட்டர் இரண்டையும் நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது தப்பே இல்லை. ஆனால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். அது எதையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி ஃப்ரேமை நிறைத்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +1, கருத்த பாறை நிறைத்தால் −1 வையுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் 'கோல்டன் ஹவர்', அதாவது உதயத்தை ஒட்டிய பொன்னிற வெளிச்ச நேரம், முழுசாக ஒரு மணி நேரம் என்று நம்பி மெதுவாகக் கிளம்பாதீர்கள். நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அரை மணி, நாற்பது நிமிடத்தில் பொன்னிறம் போய்விடும். உதயத்துக்கு அரை மணி முன்பே நின்றுகொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், கண்குழி இரண்டும் கறுத்துவிடும். ஆளை நிழலுக்குள் இரண்டடி தள்ளி, வெளிச்சத்தைப் பார்த்து நிற்கவையுங்கள். வெயில் படும் மணலே வெளிச்சத்தை முகத்தில் திருப்பியடிக்கும் ரிஃப்ளெக்டர் வேலை செய்யும்.

  

கடைசியாக, ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரையில் திறந்தால் லென்ஸில் பனி படரும். மூடிய பையிலேயே 20–30 நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பியதும் லேசாக ஈரமான துணியால் கேமரா உடம்பிலிருக்கும் உப்பைத் துடைத்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.