பெஞ்சு போட்டும் யாரும் உட்காரவில்லை என்று கேட்டவருக்கு

கொடைக்கானலில் உங்கள் தெருமுனையில் நாலு கிரானைட் பெஞ்சு போட்டு, சுற்றிலும் புதர்வேலி வளர்த்தும் சாயங்காலம் குடிக்கிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள், வேலியை இன்னும் உயர்த்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம், முதலில் இருக்கிற வேலியை வெட்டுங்கள்.

நம் பிரையண்ட் பார்க் பெயரிலேயே நியூயார்க்கில் ஒன்று இருக்கிறது (பெயர் மட்டும்தான் ஒன்று, ஆள் வேறு). எழுபதுகளில் அது போதைமருந்து விற்கிறவர்களின் கூடாரம். வில்லியம் வைட் என்பவர் அதை ஆராய்ந்துவிட்டு, தெருவில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாததுதான் கோளாறு என்றார். வேலியை எடுத்து, வாசல்களைக் கூட்டி, வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளோடு 1992இல் திறந்தார்கள். இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் நெரியும்.

அப்புறம், நம் ஊர்ப் பனியில் காலை எட்டு மணிக்கு கிரானைட் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும், யார் உட்காருவார்? மேலே மரப்பலகை அடித்து, வெயில் விழும் பக்கம் திருப்பிப் போடுங்கள். எங்கள் தெருவில் சும்மா கிடந்த திண்டுக்குப் பக்கத்தில் ஓர் அக்கா சோளம் சுடும் வண்டியை நிறுத்திய பிறகுதான் பெரியவர்கள் பேப்பரும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். பக்கத்து டீக்கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள்.