தலைக்கோழி போன பிறகு மற்றவை ஏன் இப்படி?

கேள்வி: வீட்டுப் பின்புறத்தில் நான்கு பெட்டைக் கோழிகள் வளர்த்தோம். எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்த மூத்த கோழி ஐந்து நாளைக்கு முன் கூண்டில் செத்துக் கிடந்தது. அதிலிருந்து ஒன்று மூலையில் நின்று கத்திக்கொண்டே இருக்கிறது. தீனி குறைந்துவிட்டது, முட்டையும் இல்லை. மற்ற இரண்டுக்கும் ஓயாத சண்டை. இது துக்கமா? உடனே புதுக்கோழி ஒன்று வாங்கி விடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த இரண்டின் சண்டை வேறு விஷயம், மூலையில் நிற்கும் கோழி வேறு விஷயம். முதலில் கவனிக்க வேண்டியது மூலையில் நிற்பதை.

கூட்டாளி காணாமல் போனதைக் கோழிகள் கவனிக்கத்தான் செய்கின்றன. வழக்கமாகச் சேர்ந்து மேய்ந்த இடத்தில் தேடும், கூப்பிடும், இரண்டு மூன்று நாள் தீனியில் நாட்டமில்லாமல் இருக்கும். இரவில் ஒரே கட்டையில் ஒட்டி உட்கார்ந்த ஜோடியில் ஒன்று போனால் இது இன்னும் அதிகமாகத் தெரியும். துக்கம் என்று சொல்வது உங்கள் விருப்பம். ஆனால் ஐந்தாம் நாளும் தீனி எடுக்காத கோழிக்குத் துக்கம் என்று பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருப்பது ஆபத்து. செத்த கோழி குடித்த தண்ணீரைத்தான் இதுவும் குடித்தது. கோழி நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இன்று மாலை அடையும் நேரத்தில் அதைப் பிடித்துக் கழுத்தடியில் தின்ற தீனி தங்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பியிருந்தால் தின்கிறது. விடியற்காலையில், தீனி வைக்கும் முன், மறுபடி தொடுங்கள். காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல்லாகவோ பிசைந்த மாவு போலவோ இருந்தால் இரைப்பை அடைப்பு. கொண்டை வெளுத்திருக்கிறதா, கருநீலமாக இருக்கிறதா, மூச்சில் கரகரப்பு உண்டா, எச்சத்தில் ரத்தமோ பச்சைத் தண்ணீரோ வருகிறதா என்று பாருங்கள். பின்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினால் பேன் ஓடுவது தெரியும். வயிறு புடைத்து, நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டைப் பெட்டியை விட்டு எழாமல், கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமினால் அது அடைகாக்க உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை.

முட்டை நின்றது மட்டும் பயப்படும் அறிகுறி அல்ல. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அந்தச் சுழற்சி பதற்றத்தில் எளிதில் அறுந்துவிடும். தின்னத் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் திரும்பலாம். தரையெல்லாம் இறகாகக் கிடந்தால் இறகு உதிர்க்கும் பருவம், அப்போதும் முட்டை நிற்கும்.

இனி சண்டை. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிக் கூட்டத்தில் உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். கடைசிக் கோழி செத்தால் வரிசை அதிகம் அசையாது. உங்கள் வீட்டில் போனது தலைக்கோழி. காலியான இடத்துக்குத்தான் போட்டி. கழுத்திறகைச் சிலிர்த்து எதிரெதிரே நிற்பது, தலையில் ஒரு கொத்து, துரத்தல் இவற்றில் தலையிடாதீர்கள். பிரித்து வைத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். தோற்றது பட்டினி கிடக்காமல் இருக்க, ஒரு தொட்டியிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி இரண்டாவது தீனித் தொட்டியும் தண்ணீரும் வையுங்கள். முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளுக்கு 110–120 கிராம் தீவனம் வேண்டும்.

ரத்தம் வந்தால் மட்டும் அடிபட்டதை உடனே பிரித்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும். பிரித்ததைக் கம்பி வலைக்குப் பின்னால், கண்ணில் படும்படி வையுங்கள். பல நாள் கண்ணில் படாமல் இருந்தால் திரும்பி வரும்போது அந்நியக் கோழிதான்.

செத்ததை மற்றவைக்குக் காட்டினால் தேடாது என்று சிலர் செய்கிறார்கள். காரணம் தெரியாத சாவில் எனக்கு அதில் உடன்பாடில்லை: கொத்திப் பார்க்கும், நோய் பரவும். இன்னொன்று செத்தால் கையுறை போட்டு இரட்டைப் பையில் கட்டி, உணவு வைக்காத குளிர்பெட்டியில் பனிக்கட்டியோடு வைத்து, ஒரு நாளுக்குள் பரிசோதனைக்கு அனுப்புங்கள். உறைய வைத்தால் திசு கெட்டுவிடும். அடுத்தடுத்துச் செத்தாலோ முகம் வீங்கினாலோ எதையும் தொடாமல், கோழியையும் முட்டையையும் வெளியே அனுப்பாமல், முதலில் கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவோ ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சல் நோயாகவோ இருக்கலாம்.

மூன்றும் நன்றாகத் தின்று, மூன்று நான்கு வாரம் புது நோய் எதுவும் இல்லையென்றால் வாங்கலாம். ஒன்று வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். தனியாக வருவதன் மேல்தான் எல்லாக் கொத்தும் விழும். உருவத்திலும் வயதிலும் பழையவற்றுக்கு ஒத்திருக்கட்டும். 30 நாள் தள்ளித் தனிக்கூண்டு, தனிப் பாத்திரம். பழையவற்றைக் கவனித்த பிறகே அவற்றிடம் போங்கள். பிறகு ஓரிரு வாரம் கம்பி வலைக்கு அப்புறம் பார்க்க மட்டும் விடுங்கள். அதன்பின் ஓடி ஒளிய இடமுள்ள வெளியில் ஒன்றாகத் திறந்து விடுங்கள். இரவில் கட்டையில் ஏற்றி வைத்தால் சண்டை வராது என்பார்கள், விடியும்வரைதான்.