பிளஸ் ஒன் அட்மிஷன்: பள்ளியை மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள்

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பத்தாவதில் 500-க்கு 398 எடுத்திருக்கிறாள். அறிவியலில் 86, கணக்கில் 64. அவளுக்கு நர்ஸ் ஆக ஆசை, அவள் அப்பாவுக்கு இன்ஜினியரிங். அவள் படித்த பள்ளியில் பியூர் சயின்ஸ் (இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்), காமர்ஸ், வொகேஷனல் என்ற தொழிற்கல்வி குரூப்புகள்தான் உண்டு. பக்கத்து மெட்ரிக் பள்ளியில் கணக்கு-பயாலஜி இருக்கிறது, வட்டிக்கு வாங்கியாவது ஃபீஸ் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்துக்கு ஆளைப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

குரூப்பை அப்புறம் பார்ப்போம். பள்ளி மாறினால் என்ன போகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். இந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் மகள் ஏழு வருடத்தில் ஐந்தை முடித்துவிட்டாள். மீதி இரண்டு வருடத்தை மெட்ரிக் பள்ளியில் படித்தால் முதல் ஐந்து வருடமும் கணக்கில் வராது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இந்த ஒதுக்கீடு கிடையாது. ‘எய்டட் என்றால் கவர்மென்ட் மாதிரிதானே’ என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடும்போது விவரம் தெரிந்து தவிக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய.

புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எங்கே சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அதையும் மெட்ரிக் பள்ளிக்குப் போனால் இழக்க வேண்டியதுதான். அதாவது ஃபீஸ் கட்டி, கையில் இருப்பதையும் விட்டுக்கொடுப்பீர்கள்.

கணக்கு-பயாலஜிதான் வேண்டும் என்று முடிவானால், அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். மாநகராட்சி மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகக் குரூப் இருக்கும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கமெல்லாம் நேரில் விசாரியுங்கள், பஸ் பாஸ் இருக்கிறது. மாறும்போது டி.சி. வாங்கியதோடு வந்துவிடக் கூடாது. பழைய பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறைத் தளத்தில் அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கையில் டி.சி. இருந்தும் எமிஸில் பெயர் பழைய பள்ளியிலேயே கிடப்பது வருடா வருடம் நடக்கிற குளறுபடி. டி.சி. வாங்கும்போதே, ‘எமிஸில் விடுவித்துவிட்டீர்களா சார்?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி குரூப். நர்சிங்தான் என்றால் பியூர் சயின்ஸ் போதும், குறைச்சல் ஒன்றும் இல்லை. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்கிறார்கள். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடந்துவருகிறது. ‘நர்சிங்’ என்ற பெயரைப் பார்த்து வொகேஷனல் நர்சிங் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். பி.எஸ்சி. வரை போக விரும்பும் பெண்ணுக்கு அறிவியல் பாடங்கள் முழுசாக இருக்கிற குரூப்தான் பத்திரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் இல்லை, அதனால் நர்சிங்குக்கு அது உதவாது. அதே மாதிரி, பியூர் சயின்ஸில் கணக்கு இல்லாததால் அண்ணா பல்கலைக்கழக இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போக முடியாது. இதை அவள் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாசலும் திறந்திருக்கட்டும் என்றுதான் கணக்கு-பயாலஜி கேட்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த 64-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாவது கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, மொத்தம் 16 மதிப்பெண். பழகிப் பழகிப் போட்டால் அந்தப் பதினாறும் அப்படியே கிடைத்துவிடும், பெரும்பாலான பிள்ளைகள் வாங்கிவிடுகிறார்கள். அதைக் கழித்தால் மீதி 84-க்கு அவள் எடுத்தது ஏறத்தாழ 48. பிளஸ் ஒன் கணக்கில் காம்பஸும் கிராஃப் தாளும் கைகொடுக்காது. பன்னிரண்டு பாடம், அதில் மூன்றாவதே முக்கோணவியல். முதல் பருவத்திலேயே பிள்ளைகள் திணறுவது அங்கேதான். அது புரியாமல் போனால் பின்னால் வரும் வெக்டர், வகையீடு, தொகையீடு மூன்றிலும் கால் வழுக்கும்.

ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். பத்தாவது புத்தகத்தில் மூன்றாம் இயல் இயற்கணிதம், ஆறாம் இயல் முக்கோணவியல். இரண்டிலும் மும்மூன்று கணக்கு, அவள் இதுவரை மனப்பாடம் செய்யாததாகப் பார்த்துக் கொடுங்கள். கைடு கூடாது, ஒரு மணி நேரம். நான்கு சரியாக வந்தால் கணக்கு-பயாலஜி எடுக்கலாம். இரண்டோ அதற்குக் கீழோ என்றால் பியூர் சயின்ஸே எடுக்கட்டும். மூன்று வந்தால் அவளிடமே கேளுங்கள், அவள் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்காக கட்-ஆஃப் கணக்கையும் சொல்கிறேன். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் 100-க்கு முழுசாகச் சேரும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேரும். கணக்கில் 60, இயற்பியலில் 90, வேதியியலில் 92 எடுத்தால் 60 + 45 + 46 = 151. கணக்கில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 86 எடுத்தால் 78 + 41 + 43 = 162. இரண்டு பேரின் கூட்டலும் 242, 246 என்று பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது, கட்-ஆஃபில் 11 வித்தியாசம். கணக்கில் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இரண்டுக்குச் சமம். கணக்கில் தடுமாறும் பிள்ளையை இந்த வழியில் தள்ளினால், அவள் நன்றாகப் படிக்கிற பாடத்துக்குப் பாதி மதிப்புத்தான் கிடைக்கும். கணக்கை விட்டால் கம்ப்யூட்டர் துறையே போய்விடும் என்றும் அவர் கவலைப்பட வேண்டாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்குப் பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்தக் குரூப்பாகவும் இருக்கலாம். நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும் சேர்க்கும் முன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தேர்ச்சி சதவீதம் எழுதிய போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, எந்தப் பணியிடம் காலி, காலியான இடத்தில் தற்காலிக ஆசிரியர் எந்த மாதம் வருவார் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. இயற்பியல் ஆசிரியர் இல்லாத கணக்கு-பயாலஜி குரூப்பைவிட நாலு பாடத்துக்கும் ஆள் இருக்கிற பியூர் சயின்ஸ் எவ்வளவோ மேல்.

அப்புறம் லேப். வேதியியல் லேபில் ஒரு பியூரெட்டை, அதாவது அளவுக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயை, கையில் எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் இருக்கும் திருகு லேசாகத் திருகினால் திரும்ப வேண்டும். இறுகிப் போய், உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் அது வருடம் முழுவதும் ஸ்டாண்டில் நின்றதே தவிர யாரும் அதில் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) செய்யவில்லை. போன வருடப் பிள்ளை ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சோதனைகளின் தேதி ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று பரவியிருந்தால் செய்திருக்கிறார்கள். எல்லாமே ஜனவரியில் ஒரே வாரத்துத் தேதி என்றால் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறையில் மதிப்பெண் எப்படியும் போட்டுவிடுவார்கள் என்று சொல்வார்கள். நர்சிங் முதல் வருடத்தில் அளவு பார்த்து மருந்து கலக்க வேண்டிய கை அது. இரண்டு வருடம் லேபில் பழகாமல் போவது அவளுக்குத்தான் கஷ்டம். அந்த 10 மதிப்பெண்ணில் வருகைப் பதிவும் ஒரு பங்கு, அதனால் விசேஷம், திருவிழா என்று அடிக்கடி லீவு போட வைக்காதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பிளஸ் ஒன் பாடத்தை அரைகுறையாக ஓட்டிவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தைச் சீக்கிரமே தொடங்கும் பள்ளிகள் இருக்கின்றன. நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் வருகிறது. நீட் வேண்டாம் என்றாலும், மனித உடல் மண்டலங்களைப் பற்றிய பாடங்கள் பிளஸ் ஒன் விலங்கியலில்தான் இருக்கின்றன. நர்சிங் போகிறவளுக்கு அதுதான் அஸ்திவாரம்.

தமிழ் மீடியத்திலேயே தொடரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொடரலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, ஆனால் அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குத் தகுதி பத்தாவது, ஆகவே ஒன்று முதல் ஐந்து வரையும் தமிழ் வழியில் படித்திருந்தால் அவளுக்கு அது ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளுக்கு டிகிரியும் தமிழில் முடித்திருக்க வேண்டும். நர்சிங் ஆங்கிலத்தில்தான் என்பதால் அவள் விஷயத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் படிக்கட்டும், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதன் கலைச்சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு நிறைந்தால் காலேஜில் முதல் மாதம் அழ வேண்டியிராது.

பத்தாவது புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள், ஒன்பதாவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உதவித்தொகைக்கு இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. ஒன்று பிளஸ் ஒன்னில் எழுதும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாவது தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்வி வரும், தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கிடைக்கும். அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இன்னொன்று முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, அது இப்போது எந்த வகுப்புக்கு நடக்கிறது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் மட்டுமே எழுதலாம், ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து கேட்பார்கள். 500 ஆண் பிள்ளைகள், 500 பெண் பிள்ளைகள், வருடம் 10,000 ரூபாய், டிகிரி முடியும் வரை. இரண்டுக்கும் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். கிளாஸ் டீச்சர் மறந்துவிட்டால் கடைசித் தேதி ஓசையில்லாமல் கடந்துவிடும், ஜூலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருங்கள். தம்பி எட்டாவது என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது, தேறினால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய்.

பியூர் சயின்ஸ் படித்துவிட்டு நர்சிங் சீட் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நம் வட சென்னையைச் சுற்றியே வழிகள் இருக்கின்றன. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் எடுக்கும்போது, மருத்துவ லேப் டெக்னீஷியன் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கேட்பார்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கே பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டம் படிக்கலாம். காசிமேட்டு மீனவக் குடும்பம் என்று சொல்லியிருப்பதால், மீனவர் வாரிசு ஒதுக்கீட்டுக்கான சான்றை மீன்வளத் துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பக்கத்திலேயே பாரதி மகளிர் கல்லூரியும், வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களுக்கு மணலி சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் அப்ரண்டிஸ் வாய்ப்பு வருவதுண்டு. ஆனால் அப்ரண்டிஸ் என்பது பயிற்சி, நிரந்தர வேலை இல்லை. ‘உள்ளே நுழைத்துவிடுகிறேன்’ என்று பணம் கேட்கும் புரோக்கரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

காமர்ஸ் இந்தப் பெண்ணுக்கு வேண்டாம், அவள் மனம் அதில் இல்லை. மற்றபடி மட்டமான குரூப் என்று ஒன்று கிடையாது. சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத எந்தக் குரூப்பும் போதும்தான், ஆனாலும் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு அது பழகிய தெரு.

திங்கட்கிழமை பழைய பள்ளிக்குப் போகும்போது பத்தாவது மதிப்பெண் பட்டியலில் அவள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் உங்கள் இருவர் பெயர் எல்லாவற்றையும் ஆதாரோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே மனு கொடுங்கள், பிளஸ் டூ முடிந்தபின் என்றால் அலைச்சல் பத்து மடங்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று, இவற்றுக்கு இ-சேவையில் எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். குரூப்பில் சேர்ந்த பிறகு மனம் மாறினால் முதல் மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாறினால் விட்டுப்போன பாடத்தை யாரும் திரும்ப நடத்த மாட்டார்கள். அந்த ஆறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை வந்தது என்று எழுதுங்கள்.