தில்லி வெயிலும் சின்னக் கணினியின் பெட்டியும்: கேள்வி பதில்

ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளைத் தில்லியில் இரவும் பகலும் ஓடவிட்டுப் பல கோடைகளைக் கடந்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் தமிழ் அன்பர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, எந்தப் பெட்டியை வாங்கினால் கணினி சூடாகாமல் இருக்கும் என்பதைச் சுற்றியே இருக்கின்றன. இந்த ஆண்டு வந்தவற்றை ஓரிடத்தில் வைத்துப் பதில் தருகிறேன்.

முனிர்காவிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, புதிதாக ராஸ்பெர்ரி பை 5 வாங்கியிருக்கிறேன். நேரு பிளேஸ் கடைகளில் பிளாஸ்டிக் பெட்டி, விசிறி வைத்த பெட்டி, கனத்த அலுமினியப் பெட்டி என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடைக்குப் போகுமுன் உங்கள் கணினி எவ்வளவு சூடாகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதன் இயங்குதளத்துடனேயே வரும் விசிஜென்சிஎம்டி (vcgencmd) என்ற கட்டளை, சிப்பின் வெப்பநிலையையும், வேகம் குறைக்கப்பட்டதா என்பதையும் சொல்லிவிடும். பை 5-இன் சிப் 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைக்கத் தொடங்கும். 85-ஐ எட்டினால் இன்னும் கடுமையாகக் குறைக்கும். ஆகவே வெப்பத்தால் கணினி உடனே கெட்டுப்போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் கைக்கு வராமல் போகும். அதே கட்டளை மின்னழுத்தம் குறைந்ததா என்பதையும் காட்டும் என்பதால், அதையும் சேர்த்துப் பாருங்கள். பை 5-க்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. பழைய கைப்பேசி சார்ஜரைச் செருகிவிட்டு, கணினி மந்தமாவது வெப்பத்தால்தான் என்று நினைத்துப் பெட்டிக்கு மேல் பெட்டியாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவதாக, விசிறி வைத்ததோ வைக்காததோ, எந்தப் பெட்டியும் சிப்பை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அறைக்கும் சிப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. ஜனவரியில் 18 டிகிரி இருக்கும் அறையில் முழுப் பளுவுடன் ஓடும்போது சிப் 58 காட்டினால் நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் இடைவெளி 40 என்பதால், ஜூன் மாதத்தில் அதே அறை 42 ஆகும்போது சிப் ஏறக்குறைய 82-இல் நிற்கும். பெங்களூரில் இருக்கும் உறவினர் மனமாரப் பரிந்துரைத்த பெட்டி இங்கே தோற்றுப்போவதற்குக் காரணம் பெட்டியின் குறையன்று, ஊரின் வெயில். குளிரூட்டி இல்லாத தில்லி அறைக்கு, முழுப் பளுவில் 30 டிகிரிக்கு மேல் இடைவெளி போகாத பெட்டியையே நான் ஏற்பேன்.

உங்கள் வேலை மணிக்கணக்கில் நிரல்களைத் தொகுப்பதும் காணொளியை மாற்றுவதுமாக இருந்தால், சிப்பின் மேல் நேரடியாக அமர்ந்து வெப்பத்தை வாங்கிக் காற்றில் பரப்பும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கும் அதன்மேல் விசிறியும் கொண்ட அமைப்பை வாங்குங்கள். ராஸ்பெர்ரி பை நிறுவனமே விற்கும் ஆக்டிவ் கூலர் அந்த வகையைச் சேர்ந்தது. அதைச் சுற்றி வரும் பெட்டிக்குப் போதிய துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இலேசான வேலைதான் என்றால் கனத்த அலுமினியப் பெட்டி போதும்.

மயூர் விகாரிலிருந்து ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவர்: தம்பி, என்னிடம் இருப்பது பை 4, சிவப்பும் வெள்ளையுமான நிறுவனப் பெட்டியில் இருக்கிறது. பாட்டு கேட்கவும் குடும்பப் படங்களைச் சேமிக்கவும் வைத்திருக்கிறேன். படுக்கைக்கு அருகில் இருப்பதால் விசிறிச் சத்தம் ஆகாது. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, உங்களுக்கு ஏற்றது விசிறியே இல்லாத அலுமினியப் பெட்டி. நீங்கள் வைத்திருக்கும் அந்தப் பெட்டி பார்க்க அழகானது என்றாலும், 2019 ஜூனில் பை 4 வெளிவந்தபோது அதனுடன் வந்த அந்த வடிவத்தில் காற்று போய்வர வழி வைக்கப்படவில்லை. 2020-இன் இறுதியில் நிறுவனமே அதற்குள் பொருத்துவதற்கென ஒரு சிறு விசிறியைத் தனியாக விற்கத் தொடங்கியது. பிளாஸ்டிக்கைவிட அலுமினியம் வெப்பத்தை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எளிதாகக் கடத்துகிறது. நல்ல அலுமினியப் பெட்டியில், மேல்மூடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு திண்டு நீண்டுவந்து, வெப்பத்தைக் கடத்தும் மெல்லிய மெத்தையான தெர்மல் பேட் வழியாகச் சிப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் பெட்டி முழுவதுமே ஹீட் சிங்க்காகிவிடுகிறது. அந்தத் திண்டு இல்லாமல் வெறும் தகரக் கூடாக இருக்கும் உலோகப் பெட்டிகளும் விற்கப்படுகின்றன. அவை சிப்பைத் தொடாததால் பயனில்லை. வாங்குமுன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுடுகிறதே என்று பின்னாளில் கவலைப்படாதீர்கள். சிப்பிலிருந்த வெப்பம் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அதன்மேல் புத்தகத்தையோ துணியையோ வைக்காமல், பக்கவாட்டுச் சிறகுகள் நிமிர்ந்திருக்குமாறு நிறுத்தி வைத்தால் காற்று தானாகவே மேலேறிப் போகும்.

கரோல் பாகிலிருந்து: அலுமினியப் பெட்டிக்கு மாறிய நாளிலிருந்து வைஃபை அடிக்கடி விட்டுவிடுகிறது. பெட்டிதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுவே காரணம். இந்தக் கணினிகளில் ஆன்டெனா என்பது பலகையின் ஓரத்திலேயே செதுக்கப்பட்ட ஒரு சிறு வடிவம். அதை நான்கு பக்கமும் உலோகம் சூழ்ந்தால் அலை வலுவிழக்கும். பக்கங்கள் திறந்திருக்க, மேலும் கீழும் மட்டும் அலுமினியத் தகடு வரும் இரட்டைத் தகட்டுப் பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஓரிடத்திலேயே இருக்கப்போகும் கணினி என்றால் ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

துவாரகாவிலிருந்து: விசிறி வைத்த பெட்டியை வாங்கி ஓராண்டு ஆகிறது. மே மாதப் புழுதிப்புயலுக்குப் பிறகு விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறது. மாற்றியும் மறுபடியும் அதே கதை.

பதில்: தில்லியில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் வெப்பத்துக்கு இணையான இடம் புழுதிக்கும் உண்டு என்பதை உங்கள் கேள்வி நன்றாகக் காட்டுகிறது. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் மண்துகள், ஆண்டு முழுவதும் கட்டட வேலைகளிலிருந்து எழும் சிமென்ட் தூள், தீபாவளியை ஒட்டிய புகை ஆகிய மூன்றும் ஒரே விசிறியின் வழியாக உள்ளே போகின்றன. 30 மில்லிமீட்டர் விசிறி அதிவேகமாகச் சுற்றியே காற்றைத் தள்ளுகிறது. அதன் நடுவிலிருக்கும் அச்சைத் தாங்கும் மலிவான உராய்வுத் தாங்கியின் எண்ணெய் வெப்பத்தில் உலர்ந்து, அதனுடன் தூளும் சேர்ந்தால் கரகரப்பு வரத்தான் செய்யும்.

அடுத்த முறை 40 மில்லிமீட்டர் விசிறிக்கு இடமுள்ள, அச்சு சிறு குண்டுகளின் மேல் சுழலும் பால் பேரிங் விசிறி பொருத்தப்பட்ட பெட்டியை வாங்குங்கள். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தரும். விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளுமாறு இருக்கட்டும். அதன் முகப்பில் நைலான் வலைத்துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் காற்று வடிகட்டியே உள்ளே போகும், மற்றத் துளைகள் வழியாக வெளியேறும். உறிஞ்சி வெளியேற்றும் விசிறியோ பெட்டியின் எல்லா இடுக்குகளிலிருந்தும் தூளை இழுத்துக்கொள்ளும். வலையை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஊதுகருவியால் ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுமீறிச் சுற்றினாலும் தாங்கி கெடும்.

விசிறியைத் தேவையில்லாமல் ஓடவிடாததும் முக்கியம். பை 5-இல் விசிறி 50 டிகிரியில் தொடங்கி, 60, 67.5, 75 என்று படிப்படியாக வேகமெடுக்கும். நம் ஊரில் ஜூன் மாதத்து அறை 40-ஐத் தாண்டிவிட்டால், சும்மா இருக்கும் கணினிகூட 50-க்கு மேல்தான் இருக்கும். ஆக விசிறி நாள் முழுவதும் சுற்றிப் புழுதியை இழுத்துக்கொண்டே இருக்கும். கணினியின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ஃபிக் கோப்பில் முதற்படியை 60-க்கும், இரண்டாம் படியை 66-க்கும் உயர்த்திவிடுங்கள். சிப்புக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. பை 4 என்றால், வெளிக்கருவிகளை இணைக்கப் பலகையில் இருக்கும் ஜிபிஐஓ முள்களில் 14-ஆம் முள்ளால் கட்டுப்படுத்தப்படும் விசிறியை வாங்கினால் இதே வசதி கிடைக்கும். இரண்டே கம்பி கொண்ட விசிறி மின்சாரம் இருக்கும்வரை ஓயாது.

லாஜ்பத் நகரிலிருந்து: என்னிடம் இருக்கும் பை 4 பெட்டியையே பை 5-க்குப் பயன்படுத்தலாமா? ஆரஞ்சு பை 5 என்ற வேறு நிறுவனக் கணினிக்கு?

பதில்: இரண்டுக்கும் முடியாது. பை 4, பை 5 இரண்டுமே 85-க்கு 56 மில்லிமீட்டர்தான், திருகுத் துளைகளும் ஒரே இடத்தில்தான். ஆனால் பை 5-இல் யுஎஸ்பியும் ஈதர்நெட்டும் இடம் மாறியிருக்கின்றன, ஒலிச்செருகி இல்லை, மின்பொத்தான் புதிதாக வந்திருக்கிறது. ஆரஞ்சு பை 5-இன் பலகையே 100-க்கு 62 மில்லிமீட்டர் என்பதால் அதற்கென்று செய்த பெட்டியையே வாங்க வேண்டும்.

ரோகிணியிலிருந்து: கனமான அலுமினியப் பெட்டியைப் போட்டும் பத்து நிமிடத்தில் 80 டிகிரியைத் தொடுகிறது. பெட்டியோ சில்லென்று இருக்கிறது. போலியான பெட்டியைக் கொடுத்துவிட்டார்களோ?

பதில்: சிப் கொதிக்கும்போது பெட்டி சில்லென்று இருந்தால், இரண்டுக்கும் நடுவே வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். தெர்மல் பேடின் இரு முகங்களிலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். பலர் ஒரு பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அது சரியாக இருந்தால், பேடின் மேல் சிப்பின் அச்சு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியவில்லையென்றால் திண்டு சிப்பைத் தொடவே இல்லை. அப்போது சற்றுத் தடித்த பேடை வாங்கி வைத்து, நான்கு திருகுகளையும் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே மூலையை முழுவதும் இறுக்கினால் பலகை வளையும்.

ஜனக்புரியிலிருந்து: முப்பரிமாண அச்சில் நானே பெட்டி செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் மட்டும் வேண்டாம். அது 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். பெட்ஜி அல்லது ஏபிஎஸ் இழையில் செய்யுங்கள்.

சாகேத்திலிருந்து: மொட்டை மாடியில் காற்றின் தரத்தை அளக்கும் கருவியை வைக்கப் பை 4-ஐப் பயன்படுத்துகிறேன். மழைக்காக நீர்புகாப் பெட்டியில் அடைத்தேன். மதியமானால் நின்றுவிடுகிறது.

பதில்: உங்கள் கணினி வெளியிடும் வெப்பத்தைவிடச் சூரியன் அந்தப் பெட்டிக்குள் கொட்டும் வெப்பமே மிகுதி. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. உங்கள் பெட்டியின் மேல்மூடி 20-க்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் 30 வாட் விழும். பை 4-ஓ முழுப் பளுவிலும் அதில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது. கறுப்பு, சாம்பல் நிறப் பெட்டிகள் அந்த 30 வாட்டில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. அடைத்த பெட்டிக்குள் விசிறி வைத்தாலும் அதே சூடான காற்றைத்தான் அது சுழற்றும். பை 4-க்கு நிறுவனம் சொல்லும் சுற்றுப்புற வரம்பு 50 டிகிரி. வெளியே 45 இருக்கும் நாளில் பெட்டிக்குள் அந்த வரம்பு எளிதில் மீறப்படும்.

முதலில் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். நிழல் கிடைக்காவிட்டால், வெள்ளை பூசிய தகடு ஒன்றைப் பெட்டிக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுக் கூரைபோல் நிறுத்துங்கள். அடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதிலாக வார்ப்பு அலுமினியப் பெட்டியை வாங்கி, சிப்பை அலுமினியத் துண்டு ஒன்றின் வழியாகப் பெட்டியின் சுவரோடு இணைத்துவிடுங்கள். அப்போது காற்று புக வேண்டிய தேவையே இல்லாமல் வெப்பம் சுவர் வழியாக வெளியேறும். மழையும் உள்ளே வராது. உணரியை மட்டும் அடியில் தனிக் கூண்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதற்கு வெளிக்காற்று வேண்டும்.

ஆர்.கே. புரத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றும் கூலர்தான். அதன் காற்று படும் இடத்தில் கணினியை வைத்தால் பெட்டியே வாங்க வேண்டியிருக்காது என்கிறான் என் மகன். சரியா?

பதில்: அம்மா, அறை குளிர்ந்தால் கணினியும் குளிரும் என்பதில் உங்கள் மகன் சொல்வது சரியே. ஆனால் கூலரின் நேர்க்காற்றில் நுண்ணிய நீர்த்துளிகளும் கலந்து வரும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் அதிலுள்ள உப்பு பலகையின் மேல் வெண்படலமாகப் படியும், புழுதியும் அதன்மேல் சேறாக ஒட்டிக்கொள்ளும். திறந்த பலகையில் அது முள்களையும் செருகிகளையும் அரித்துவிடும். அதே அறையில், காற்று நேராகப் படாத உயரமான அலமாரியில், விசிறியில்லா அலுமினியப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். அலமாரிக்குக் கதவு இருந்தால் அதைத் திறந்தே வைத்திருங்கள்.